மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

பிஎச்டி சேர ஆய்வகம் தேடும் மாணவர்கள் ஒரு பெயரைச் சொல்லி, "இவருக்கு எச்-இண்டெக்ஸ் 40 இருக்கிறது, சேரலாமா?" என்று என்னிடம் கேட்பார்கள். ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண் அது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. கட்டுரைப் பட்டியலைத் திறந்தால் நிறையச் சொல்ல முடியும். ஆர்என்ஏ ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விண்ணப்பங்களைப் படிப்பதும் என் பொறுப்பு. ஒரு பட்டியல் கைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

முதல் வேலை, ஆள் சரியான ஆள்தானா என்று பார்ப்பது. வாங், லீ, குமார் போன்ற பெயர்களில் ஒரே துறையில் பல பேர் இருப்பார்கள். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வாளரின் பக்கத்தில் கட்டுரைகளைத் தானாகச் சேர்ப்பதால் வேறு ஒருவரின் கட்டுரையும் உள்ளே நுழைந்துவிடும். ஈஸ்ட் மரபியல் செய்பவரின் பக்கத்தில் கான்கிரீட்டின் உறுதி பற்றி ஒரு கட்டுரை இருந்தால், மேலே தெரியும் மொத்த எண்ணையும் நம்ப வேண்டாம். ஆய்வாளருக்கு ஆர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்) இருந்தால் அந்தப் பக்கத்தையும் ஆய்வக இணையதளத்தையும் திறந்து ஒப்பிடுங்கள். இன்னொன்று: ஸ்காலர் முன்பதிப்புகள் (ஜர்னலில் வருமுன் இணையத்தில் வெளியிடுபவை), ஆய்வேடுகள் என எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோள்களை எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மையமாக வைத்து எண்ணுகின்றன. அதனால் ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எச்-இண்டெக்ஸ் வரும். இருவரை ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே தளத்தின் எண்களை எடுங்கள்.

அடுத்து பட்டியலை ஒரு எக்செல் தாளில் போட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் அது என்ன வகை என்று குறித்துக்கொள்ளுங்கள்: சொந்த ஆய்வு, ரிவ்யூ (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது), செய்முறை, பெரிய கூட்டமைப்பின் கட்டுரை. இந்த ஒரு வேலையிலேயே பாதிப் படம் தெளிந்துவிடும். ரிவ்யூ கட்டுரைகளை எல்லோரும் தங்கள் முன்னுரையில் மேற்கோள் காட்டுவார்கள், அதனால் எண்ணிக்கை ஏறும். நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட ஜீனோம் திட்டக் கட்டுரையில் ஒருவரின் பங்கு எவ்வளவு என்று மேற்கோள் எண் சொல்லாது.

செய்முறைக் கட்டுரைகள் தனி உலகம். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க லௌரியும் அவர் குழுவினரும் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் ரியல்-டைம் பிசிஆர் முடிவுகளைக் கணக்கிடும் முறை பற்றி லிவாக்கும் ஷ்மிட்கனும் 2001-இல் எழுதியது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை, நேச்சர் இதழ் 2014-இல் வெளியிட்ட அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளில் இடம்பெறவே இல்லை. பாடப்புத்தகத்துக்குப் போய்விட்ட உண்மைக்கு யாரும் மேற்கோள் தருவதில்லை. தினமும் கையில் எடுக்கும் செய்முறைக்கு ஒவ்வொரு முறையும் தர வேண்டியிருக்கிறது. இதனால் செய்முறைக் கட்டுரையைத் தாழ்வாக நினைக்கவேண்டாம். ஆயிரம் ஆய்வகங்களின் வேலையை எளிதாக்கிய மனிதர் பெரிய காரியம்தான் செய்திருக்கிறார். எண் எதனால் வந்தது என்று தெரிந்து படித்தால் போதும்.

பிறகு பெயர்களின் வரிசை. எங்கள் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனைகளைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்கள் ஒரு படம், ஒரு மாதிரி, ஒரு கணக்கீடு என்று உதவியவர்கள். மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிறிஸ்பர்-காஸ்9 பற்றி 2012-இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையை எடுத்துப் பாருங்கள். யினெக், கிலின்ஸ்கி இருவரும் சம பங்களிப்பு என்ற குறிப்போடு முன்னால் இருக்கிறார்கள். டௌட்னாவும் ஷார்பென்டியேயும் கடைசி இரண்டு இடங்களில். பின்னவர்கள் இருவருக்கும் 2020-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அடிக்குறிப்பில் உள்ள நட்சத்திரக் குறிகளைப் படிக்காவிட்டால் கிலின்ஸ்கியை வெறும் இரண்டாவது ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். எனவே கட்டுரையின் முதல் பக்கத்தையும், யார் என்ன செய்தார் என்று சொல்லும் பங்களிப்புப் பகுதியையும் கட்டாயம் பாருங்கள். தனி ஆய்வகம் தொடங்கியவர் என்றால், தொடங்கிய வருடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குப் பின் கடைசிப் பெயராக வந்த கட்டுரைகளைத் தனியாகப் படியுங்கள். பழைய வழிகாட்டியின் பெயரும் கூடவே வந்துகொண்டிருக்கிறதா, சொந்தக் கேள்வி ஒன்று உருவாகியிருக்கிறதா என்பது அங்கே தெரியும்.

நான் அதிக நேரம் செலவிடுவது இனிமேல்தான். மூன்று நான்கு முக்கியமான கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளைத் திறப்பேன். உள்ளே போய் மேற்கோள் எந்த இடத்தில் வருகிறது என்று தேடுவேன். முன்னுரையில், "இதுபற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர்" என்ற வரியின் முடிவில் எட்டுப் பெயரோடு ஒன்பதாவதாக வந்தால் அதற்குப் பெரிய எடை இல்லை. "இவர்கள் காட்டிய பிறழ்வை நாங்கள் வேறு செல்வகையில் சோதித்தோம், அதே விளைவு கிடைத்தது" என்று முடிவுகள் பகுதியில் வந்தால், அந்த ஒன்று என் கணக்கில் ஐம்பதுக்குச் சமம். "எங்களுக்கு அப்படி வரவில்லை" என்று எழுதியிருந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடத்தான் செய்யும். திறந்து படித்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும். மேற்கோள் காட்டியவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். சொந்த ஆய்வகமும் கூட்டாளிகளுமே திரும்பத் திரும்ப வருகிறார்களா, சம்பந்தமே இல்லாத குழுக்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்களா? ஸ்கோபஸில் சுய மேற்கோள்களை நீக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

மேற்கோளுக்கு வெளியேயும் தடயங்கள் உண்டு. டிஎன்ஏ, ஆர்என்ஏ வரிசைத் தரவுகளை ஜியோ தரவுத்தளத்தில் போட்டிருக்கிறாரா, புரத அமைப்புகளை பிடிபி தரவுத்தளத்தில் சேர்த்திருக்கிறாரா, பிளாஸ்மிடுகளை (சிறு வட்ட டிஎன்ஏக்களை) ஆட்ஜீன் என்ற பகிர்வு மையத்துக்குக் கொடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். தான் செய்ததை மற்றவர்கள் சோதித்துப் பார்க்கத் திறந்து வைப்பவரை நான் நம்புகிறேன்.

சரி, எண்கள். எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்றிருந்தால் எச் 20. அது ஏறுமே தவிர இறங்காது, எனவே வயதானவருக்குச் சாதகம். முதல் பெயரா நடுப் பெயரா என்றும் அதற்குத் தெரியாது. இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகள் இந்த வருடம் பெற்ற மேற்கோள்களின் சராசரி அது; சில கட்டுரைகள் மட்டும் மிக அதிகம் பெற்று அந்தச் சராசரியைத் தூக்கிவிடும். தனி ஆய்வாளரை எடைபோட அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி ஒரு பிரகடனமே தயாரித்தார்கள், டோரா என்பார்கள். எண் வேண்டும் என்றால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் ஐசைட் தளத்தில், கட்டுரைகளுக்கு பப்மெட் தரவுத்தளம் தரும் எண்களைப் போடுங்கள், இலவசம். துறையையும் ஆண்டையும் கணக்கில் கொண்டு ஒரு விகிதம் தரும். 1 என்றால் என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்புக்குச் சமம். புதிய கட்டுரைகளுக்கு இதுவும் உதவாது.

காலமும் ஏமாற்றும். மாற்றியமைத்த ஆர்என்ஏ உடலின் எதிர்ப்பைத் தூண்டாது என்று காரிகோவும் வைஸ்மனும் 2005-இல் இம்யூனிட்டி இதழில் காட்டினார்கள். வெளிவந்தபோது பெரிய கவனம் கிடைக்கவில்லை. 2023-இல் நோபல் கிடைத்தது அந்தக் கண்டுபிடிப்புகளுக்காகத்தான். பாக்டீரியாவின் டிஎன்ஏவில் இருக்கும் கிறிஸ்பர் வரிசைகள் அதன் தற்காப்பு என்று ஊகித்த மோஹிகாவின் கட்டுரை, பெரிய ஜர்னல்கள் மறுத்தபின் 2005-இல் மூலக்கூறு பரிணாமத்துக்கான ஒரு சிறிய ஜர்னலில் வந்தது. ஜர்னல் பெயரைப் பார்த்துத் தாண்டிப் போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

முடிப்பதற்குள் வெளிவந்த கட்டுரைகளை விமர்சிக்கும் பப்பியர் தளத்திலும், திரும்பப்பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் பெயரைத் தேடுங்கள். இருபதாயிரம் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் சோதித்த எலிசபெத் பிக், ஏறக்குறைய நூற்றுக்கு நான்கில் திரும்பப் பயன்படுத்திய படங்களைக் கண்டார். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படங்களை நானும் பெரிதாக்கித்தான் பார்ப்பேன். ஆனால் திரும்பப்பெற்ற கட்டுரை எல்லாமே மோசடி இல்லை. நோபல் வென்ற பிரான்சஸ் அர்னால்ட் 2020-இல் தன் என்சைம் கட்டுரை ஒன்றின் முடிவுகள் மறுபடி கிடைக்கவில்லை என்று தானே அறிவித்துத் திரும்பப் பெற்றார். அப்படிப்பட்டவரின் மற்ற கட்டுரைகள் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. யார் பிழையைக் கண்டார், எவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது என்று அறிவிப்பைப் படித்து முடிவு செய்யுங்கள்.

நீங்கள் அந்த ஆய்வகத்தில் சேரப்போகிறவர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. கடைசிப் பெயராக அவர் வந்த கட்டுரைகளில் முதல் பெயர்களை மட்டும் எழுதுங்கள். வேறு வேறு மாணவர்களா, ஒரே போஸ்ட்டாக்கா? ஆய்வக இணையதளத்தில் பழைய உறுப்பினர்கள் பட்டியல் இருந்தால், அதில் இருந்தும் எந்தக் கட்டுரையிலும் முதல் பெயராக வராதவர்கள் யார்? அப்புறம் முதல் பெயராக வந்தவர்களில் ஒருவருக்கும் வராதவர்களில் ஒருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, முதல் கட்டுரை வர எத்தனை வருடம் ஆனது, பெயர் வரிசையை யார், எப்போது முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.