ஐப்பசிப் பண்டிகைச் சமையலும் பழஞ்சேலைப் போர்வையும்

தமிழ் மரபு ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்ப் பருவம் என்று வகுத்திருக்கிறது. கொங்கு நாட்டில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, விடியற்காலையில் தரை சில்லிட்டு, பெட்டியில் மடித்து வைத்த போர்வையைத் தேடத் தொடங்கும் நாட்கள் அவை. தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டு மூன்று நாட்களாவது ஒரே வீட்டில் தங்குகிறார்கள். அந்த நாட்களில் ஒரு பண்டிகைச் சாப்பாட்டையும், பழைய சேலை வேட்டிகளை அடுக்கிக் கையால் தைக்கும் ஒரு போர்வையையும் சேர்த்தே முடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பண்டிகைச் சமையலில் அரிசி ஊறும் நேரமும், மாவு தங்கும் நேரமும், கோழி வேகும் நேரமும் ஏராளம்; கைத்தையலுக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட இடைநேரமும், சுற்றி உட்கார நாலு பேரும்தான்.

துணியைப் புரட்டாசியிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் துவைத்தது காயாது. ஈரம் இருக்கும் துணியை அடுக்கித் தைத்தால் உள்ளே பூஞ்சை கட்டும். பருத்தித் துணி மட்டுமே உதவும். பட்டும் பாலியஸ்டரும் ஊசிக்கு வழுக்கும், பருத்தியோடு சேர்ந்து சுருங்காது. திருப்பூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் பனியன் துணியையும் நான் சேர்ப்பதில்லை. அது இழுபடும், நான்கு துவையலுக்குப் பின் போர்வை கோணிக்கொள்ளும். பல ஆண்டுகள் உடுத்தி மெலிந்த கைத்தறிச் சேலைக்கு இணையான துணி கிடையாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இரண்டு கைகளாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். இழை விட்டுப்போகும் பகுதியை உள்ளடுக்குக்கு ஒதுக்குங்கள். உறுதியான பகுதி வெளியே வரட்டும். கஞ்சி போட்ட துணியைச் சுடுநீரில் ஊற வைத்து அலசினால்தான் ஊசி தடையில்லாமல் இறங்கும். சரிகைக் கரை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், அது தோலை உரசும்.

சென்னிமலையில் நல்ல போர்வை வாங்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். வாங்கலாம், எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் ஒற்றைத் துணிக்கும் அடுக்குத் துணிக்கும் வேறுபாடு உண்டு. அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் உடலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. மெல்லிய துணிகள் நான்கு சேர்ந்தால் தடித்த துணி ஒன்றைவிடக் கதகதப்பாக இருப்பதற்கும், கோடையில் விரித்துப் படுக்கவும் இதமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

அளவும் அடுக்கும்

ஒருவர் போர்த்தும் போர்வைக்கு ஒரு சேலையும் ஒரு எட்டு முழ வேட்டியும் போதும். ஐந்தரை மீட்டர்ச் சேலையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம் வரும், அகலம் 1.15 மீட்டர் அளவில் இருக்கும். எட்டு முழ வேட்டியைப் பாதியாக வெட்டினாலும் அதே நீளம்தான் வரும். இரண்டு சேலைத் துண்டுகள் மேலும் கீழும் இருக்க, இரண்டு வேட்டித் துண்டுகள் நடுவில் இருக்க, மொத்தம் நான்கு அடுக்கு. வேட்டி சேலையைவிட அகலமாக இருந்தால் கூடுதலை வெட்டிவிடுங்கள். மூன்றாவது சேலைத் துண்டு விளிம்புப் பட்டிக்கும் ஒட்டுக்கும் ஆகும். துணி தடிப்பாக இருந்தால் நடுவில் ஓர் அடுக்கே போதும். நான்கு அடுக்கு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் விரல்தான் நோகும்.

கூடத்தில் பவானி ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் கீழ்த் துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கப் போடுங்கள். ஜமக்காளத்தின் கோடுகள் நேர் பார்க்க உதவும் என்பதால் நான் எப்போதும் அதையே விரிக்கிறேன். (2005-06 ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஜமக்காளம்தான் மறுநாள் பந்திக்கும் விரிக்கப்படும்.) ஒவ்வோர் அடுக்கையும் போடும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிச் சுருக்கத்தை வெளியே தள்ள வேண்டும். நான்கும் அமைந்தபின், ஒரு சாண் இடைவெளியில் நீளமான தற்காலிகத் தையல்களைக் குறுக்கும் நெடுக்கும் போடுங்கள். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்க்கவே கூடாது. முதல் முறை நான் அவசரப்பட்டு குண்டூசி மட்டும் குத்தித் தொடங்கியதில், கீழ்த் துணி ஒரு மூலையில் நான்கு விரல் நகர்ந்துபோய், பாதிப் போர்வையைப் பிரித்துத் தைக்க நேர்ந்தது.

பிறகு மேல் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு, அதாவது சுமார் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, நீளவாக்கில் தையல் சாக்கட்டியால் கோடுகள் இழுங்கள். ஏறக்குறைய 38 கோடுகள் வரும். அவற்றின் மொத்த நீளம் 70 மீட்டரை நெருங்கும். நூலின் முனைகளில் போகும் சேதத்தையும் சேர்த்தால் 100 மீட்டர் நூல்கண்டு ஒன்று வேண்டும்.

தையல்

இது வெறும் ஓட்டுத் தையல்தான். ஊசி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கும். ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி மணி நீளம் இருந்தால் அழகு. நடுவிரலில் விரலுறை மாட்டிக்கொண்டு ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளுங்கள். இடது கையைத் துணியின் அடியில் வைத்து, ஊசிமுனை எல்லா அடுக்குகளையும் கடந்து வந்துவிட்டதா என்பதை விரல் நுனியால் உணர்ந்த பிறகே மேலே திருப்புங்கள். மூன்று நான்கு தையல்களை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒருமுறை இழுத்தால் வரிசை நேராக வரும். கைத்தையல் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும். நான்கு அடுக்குக்கு மிக மெலிந்த ஊசி வளையும் என்பதால் நடுத்தரமானதை எடுங்கள். பருத்தி நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து எடுத்தால் முறுக்கிக்கொள்ளாது.

நூலின் நீளத்தைப் பற்றி என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது: “மொழத்துக்கு மேல கொஞ்சந்தான் விட்டு நூலை வெட்டோணும், கண்ணு. நீட்டமா வெட்டுனா சிக்கு எடுக்கறதுக்கே பொழுது போயிரும்.” நீள நூலை ஒவ்வொரு தடவையும் நான்கு அடுக்கின் வழியே இழுக்கும்போது அது தேய்ந்து, பாதி வழியில் அறுந்தும் போகிறது. ஆகவே ஒரு வரிசைக்கு நான்கு ஐந்து முறை நூல் மாற்றுவதை இழப்பாகக் கருத வேண்டாம். முடிச்சு வெளியே தெரியக் கூடாது. முடிச்சிட்ட நூலை மேல் துணியின் வழியே மட்டும் நுழைத்து, சற்றே சுண்டி இழுத்தால் முடிச்சு உள்ளே போய் அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

தையலை நடுக்கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் முழுவதும் நடுவில் வந்து சேர்ந்து, அதை வெளியேற்ற வழியிருக்காது. நான்கு பேர் உட்காரும்போது இந்த விதி இன்னும் வசதியாகிறது. நீளப் பக்கங்களில் பக்கத்துக்கு இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொருவரும் நடுப்புள்ளியிலிருந்து தத்தம் முனையை நோக்கித் தைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகத் தம் பக்கம் நகர்ந்து வர வேண்டும். பழகிய கைக்கு ஒரு முழு வரிசை 25 நிமிடம் பிடிக்கும்; அப்படியானால் ஒருவருக்குப் பதினாறு மணி நேர வேலை, நால்வருக்கு நான்கு மணி நேரம். புதியவர்கள் இருந்தால் இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் தையலின் நீளம் அவரவர் கைக்கேற்ப மாறும். அதைச் சீராக்க முயல வேண்டாம். எங்கள் வீட்டுப் போர்வை ஒன்றில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) போட்ட பெரிய பெரிய தையல்கள் இன்றும் இருக்கின்றன, மற்ற வரிசைகளைவிட அவற்றைத்தான் கை தேடித் தடவுகிறது. நூலை இறுக்கி இழுக்காமல் இருந்தால் போதும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், துணி மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் நூலைத் தளர்த்துங்கள்.

சமையலும் அதன் இடைவேளைகளும்

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் கச்சாயம் என்னும் வெல்லப் பலகாரத்துக்குப் பச்சரிசி ஊறட்டும். இரண்டு டம்ளர் அரிசியை மூன்று மணி நேரம் ஊற வைத்து, நீரை முற்றிலும் வடித்து, ஒன்றரை டம்ளர் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். வெல்லமே நீர் விடும் என்பதால் தண்ணீரைத் தெளித்துத்தான் சேர்க்க வேண்டும். மாவு இட்லி மாவைவிடச் சற்று இறுகி இருக்கட்டும். அதை மூடி வைத்துவிட்டுப் பிற்பகல் முழுவதும் தைக்கலாம். மாலையில் காய்ந்த எண்ணெயில், மிதமான தீயில், ஒரு சமயத்துக்கு ஒரு கரண்டி மாவாக ஊற்றி, உப்பி மேலே வந்ததும் திருப்பிப் போட்டு எடுங்கள். எண்ணெயில் பிரிந்து போனால் வெல்லம் மிகுந்துவிட்டது என்று பொருள். இரண்டு கரண்டி அரிசி மாவைக் கலந்தால் சரியாகிவிடும்.

பண்டிகையன்று எண்ணெய்க் குளியலும் காலை இட்லியும் முடிந்த கையோடு, மதியச் சந்தகைக்கு (அரிசிச் சேவைக்கு) ஒரு கிலோ இட்லி அரிசியை ஊற வையுங்கள். அது ஆறேழு பேருக்குப் போதும். நான்கு மணி நேரம் ஊற வேண்டும். இரண்டாவது தையல் அமர்வு இந்த நேரத்தில் அமையும். ஒருவர் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய பொறுப்பு நாட்டுக்கோழிக் குழம்பு. ஒரு கிலோ கோழியை ஈரோட்டு மஞ்சள் தடவி வைத்து, மூன்று மேசைக்கரண்டி வரகொத்தமல்லி, பத்து வரமிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை வறுத்து, கால் கிலோ சின்ன வெங்காயத்தில் பாதியை வதக்கிச் சேர்த்து, விழுதாக அரைக்க வேண்டும். கடலை எண்ணெயில் மீதி வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் தாளித்து, கோழியைப் பிரட்டி, விழுதும் நீரும் உப்பும் சேர்த்து மூடி வேக விடுங்கள். நாட்டுக்கோழி முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து வேகாது, வயதான கோழியானால் இன்னும் கூடும். அரை மூடித் தேங்காயை அரைத்துக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். நோன்பு இருக்கும் வீடுகளில் இந்த இடத்தில் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகப் பொருந்தும்.

ஊறிய அரிசியை உப்பிட்டு நைசாக அரைத்து, புளிக்க விடாமல் உடனே இட்லியாக ஊற்றி அவித்து, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும், திருகுகிறவரின் தோள்தான் அதற்குப் பதில் சொல்லும். மூன்று கால் வைத்த திருகு அச்சு உள்ள வீடுகளில் ஒருவர் திருக, ஒருவர் இலைமேல் ஏந்தி வாங்க, ஒருவர் அடுத்த ஈட்டை எடுத்து வர வேண்டும். சந்தகைக்கு இரண்டு தேங்காயின் பாலும், ஏலக்காயும், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் ஒரு பக்கம். கோழிக் குழம்பு மறுபக்கம். இனிப்பில் தொடங்கிக் காரத்துக்குப் போவதுதான் எங்கள் வழக்கம்.

ஜமக்காளத்தில் இலை போடுவதற்கு முன் ஊசிகளை எண்ண வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொடங்கும்போது எத்தனை ஊசி எடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்து, அத்தனையும் பஞ்சுத் திண்டில் திரும்பிய பிறகே குழந்தைகளைப் பந்திக்கு அழையுங்கள். தையலுக்குத் திரும்பும்போது கையைக் கடலை மாவால் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கறை பழைய பருத்தியில் எளிதில் போகாது. பட்டாசு வெடிக்கும் நேரத்தில் போர்வை திண்ணையில் இருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளே மடித்து வைத்துவிடுங்கள்.

விளிம்பைப் பண்டிகைக்கு மறுநாள் தைக்கலாம். அன்று யாருக்கும் பெரிய சமையலில் மனம் இருக்காது. அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி, ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய்யை ஊற்றிக்கொண்டால் போதும். ஒதுக்கி வைத்த சேலைத் துண்டிலிருந்து 7 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு நீளப் பட்டிகள் வெட்டினால் 7.2 மீட்டர் கிடைக்கும். போர்வையின் சுற்றளவு 5.9 மீட்டர்தான். பட்டியின் நல்ல பக்கத்தைப் போர்வையின் மேற்பக்கத்தோடு பொருத்தி, ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தைத்து, பின்பக்கம் திருப்பி, வெட்டு முனையை உள்ளே மடித்து, நெருக்கமான சிறு தையலால் முடியுங்கள். மூலைகளில் துணியைச் சாய்வாக மடித்தால் தடிப்பு குறையும். தற்காலிகத் தையல்களைக் கடைசியாகப் பிரித்து எடுங்கள். முதல் துவையலைக் குளிர்ந்த நீரில், முறுக்கிப் பிழியாமல் செய்து, வெயில் தெரியும் நாளில் கொடியில் அகலவாக்கில் போட்டுக் காய வைத்து, இரண்டு வசம்புத் துண்டுகளோடு மடித்து வையுங்கள்.