தூண்டில் கம்புக்கு எபாக்சி காயவைக்கும் சுழற்றி: எதை வாங்கலாம், எதை நாமே செய்யலாம்

கண்மாய் விராலுக்கு ஆறரை அடி, தொண்டிக் கரைக்குப் பத்தடி என்று கம்பு கட்டத் தொடங்குகிறவர்கள், தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை நூலால் சுற்றிக் கட்டும் வரை சிக்கல் இல்லாமல் வந்துவிடுகிறார்கள். நூல்கட்டின் மேல் எபாக்சி பூசியதும்தான் தலைவலி. ராத்திரி பளபளவென்று இருந்த பூச்சு, காலையில் பார்த்தால் ஒரு பக்கமாக வழிந்து சொட்டாகத் தொங்கும்.

எபாக்சி பெயிண்ட் மாதிரி காயும் பொருள் இல்லை. பிசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுகின்றன. அதனால் வெயிலும் வேண்டாம், காற்றும் வேண்டாம். இறுகும் வரை வழியாமல் இருந்தால் போதும். 25 முதல் 28 டிகிரியில் அதற்கு 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் கம்பு படுத்தவாக்கில் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆக, நமக்கு வேண்டியது சூடாக்கும் சாதனம் இல்லை, சுற்றும் சாதனம்.

அதில் நாலு உறுப்பு: மோட்டார், கம்பின் அடியைப் பிடிக்கும் சக், கம்பைத் தாங்கும் ஸ்டாண்டு, மின்சாரம். புதிதாகச் செய்கிறவர்கள் பணத்தையெல்லாம் மோட்டாரில் போடுகிறார்கள். பூச்சு கெடுவது பெரும்பாலும் சக்கிலும் ஸ்டாண்டிலும்தான்.

மோட்டார்

வேகம் நிமிடத்துக்கு 5 முதல் 20 சுற்று வரை இருக்கலாம். 10 சுற்று இருந்தால் ஆரம்பக்காரருக்குப் போதும். 30-ஐத் தாண்டினால் லாபம் ஒன்றும் இல்லை. கம்பு சற்றே வளைந்திருந்தாலும் நுனி துள்ளித் தாங்கியை விட்டு வெளியே வந்துவிடும். எடையைத் தாங்கிகள் சுமக்கின்றன, கம்பு தன் அச்சில் சுற்றுகிறது. எனவே பெரிய சக்தியும் தேவையில்லை. ரீலை மட்டும் கழற்றிவிடுங்கள்.

கடையில் கிடைப்பவற்றில் மூன்று வகை நம் வேலைக்கு ஆகும்.

மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார்: விலை குறைவு, 3 அல்லது 4 வாட், சத்தமே இருக்காது. லேபிளில் 5/6 என்று சுற்று வேகம் போட்டிருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 5. வாங்கும்போது வோல்டேஜைப் பாருங்கள். 220–240 என்று இருக்க வேண்டும். அதே வடிவத்தில் 21 வோல்ட், 30 வோல்ட் மோட்டாரும் வரும். அதை நேரே பிளக்கில் கொடுத்தால் எரிந்துபோகும். ஏழடிக் கம்பு வரை இது தாங்கும். கடையில் உதிரிபாகமாக வாங்குங்கள். பழைய அடுப்பை வீட்டில் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் உயிரைக் குடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

12 வோல்ட் டிசி கியர் மோட்டார், 10 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 10 சுற்று), 6 மி.மீ. ஷாஃப்ட் (சுழலும் தண்டு): எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். ஓட்ட 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் போதும். நேராக 10 ஆர்பிஎம் மோட்டாரையே கேளுங்கள். 100 ஆர்பிஎம் மோட்டாரை வாங்கி வோல்டேஜைக் குறைத்து ஓட்டினால் திக்கித் திக்கிச் சுற்றும்.

14 வாட் உலோகக் கியர் சிங்க்ரனஸ் மோட்டார்: 7 மி.மீ. ஷாஃப்ட். பத்தடி, பன்னிரண்டடிக் கடல் கம்பு கட்டுகிறவர்களுக்கு. ஏழடிக் கம்புக்கு இது அநாவசியம்.

பழைய இரும்புக் கடையில் கார் வைப்பர் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் அதிகம், கரண்ட்டும் நிறைய இழுக்கும், இரவெல்லாம் உறுமும். விட்டுவிடுங்கள்.

மூன்றில் ஒன்றைச் சொல்லென்றால் 12 வோல்ட் மோட்டார்தான். காரணம் மின்தடை. யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், மோட்டார் 0.3 ஆம்ப் இழுத்தாலும் 6 மணி நேரத்துக்கு 1.8 ஆம்ப்-ஹவர்தான் செலவு. 230 வோல்ட் மோட்டார் வைத்திருப்பவர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டுப் பூசும் நாளைக் குறியுங்கள். அந்த மோட்டாரின் வயர் இணைப்புகள் வெளியே தெரியக்கூடாது. ஸ்லீவ் போட்டு, பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டிக்குள் அடக்குங்கள்.

சக்

63 மி.மீ. பிவிசி எண்ட் கேப் (குழாய் முனையை அடைக்கும் மூடி) ஒன்று, அடி தட்டையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மூடியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஓட்டி, அளவை மூன்றாக மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் குறியிடுங்கள். சம இடைவெளியில் மூன்று புள்ளி கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 4.2 மி.மீ. துளையிட்டு, மரை வெட்டும் எம் 5 டேப்பை ஓட்டி உள்மரை போடுங்கள். அந்தக் கருவி இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்தால் நிமிடத்தில் முடித்துத் தருவார்கள். 40 மி.மீ. நீள எம் 5 போல்ட் மூன்றை வெளியிலிருந்து முடுக்கி, உள்முனைகளில் சைக்கிள் வால்வு டியூபை அரை அங்குலம் நறுக்கி மாட்டுங்கள். கார்க், இவிஏ (மெத்தென்ற ஃபோம்) பிடிகளில் தழும்பு விழாது.

மூடியின் அடிநடுவில் ஃபிளாஞ்ச் கப்ளிங்கை (மூடியையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் உலோகத் துண்டு) பொருத்தி மோட்டார் ஷாஃப்ட்டில் இறுக்குங்கள். கப்ளிங்கின் துளை ஷாஃப்ட்டின் அளவே இருக்க வேண்டும், 6 மி.மீ. ஷாஃப்ட்டில் 7 மி.மீ. கப்ளிங்கைப் போட்டு ஒட்டும் டேப் சுற்றிச் சமாளித்தால் ஆட்டம் நிச்சயம்.

கம்பை மாட்டி, சக்கிலிருந்து ஓரடி தள்ளி ஒரு பென்சில் முனையைக் கம்பை ஒட்டிப் பிடித்துச் சுற்றவிடுங்கள். ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் விலகினால் நடு தப்பியிருக்கிறது. விலகும் பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தி, இடிக்கும் பக்கத்தை முடுக்கிச் சரிசெய்யுங்கள். இதற்குப் பத்து நிமிடம் செலவானாலும் பரவாயில்லை.

ஸ்டாண்டு

அடித்தளத்துக்கு ஏழடி நீள நேர்ச்சட்டம் வேண்டும். அலுமினிய பாக்ஸ் செக்‌ஷன் நல்லது. மரம்தான் வேண்டுமென்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய பொருள் கடைகளில் விசாரியுங்கள். பழைய வீடுகளிலிருந்து வந்த தேக்கு பல வருடம் ஈரம் வற்றிப் பதப்பட்டது, இனி முறுக்காது. புது மரம் மழைக்காலத்தில் ஒரு பக்கம் வளையும். தாங்கிகளின் மட்டம் போய்விடும்.

ஏழடிக் கம்புக்கு மூன்று தாங்கி: சக்கிலிருந்து ஒன்றரை அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனிக்கு ஓரடி முன்னால் ஒன்று. பலகையில் வி வடிவ வெட்டு வெட்டி ஃபெல்ட் துணி ஒட்டினாலே போதும். கூடுதல் வழவழப்பு வேண்டுமென்றால் 608 பேரிங் இரண்டை அடுத்தடுத்து மாட்டி, நடுவில் கம்பை உருளவிடலாம். எந்தத் தாங்கியும் நூல்கட்டின் மேல் விழக்கூடாது, வளையமும் இடிக்கக்கூடாது. ஆகவே தாங்கிகளை ஆணி அடித்து நிறுத்தாமல், சட்டத்தில் நகர்த்தி இறுக்கும்படி கிளாம்ப் வைத்துச் செய்யுங்கள்.

உயரம் பார்க்க, மோட்டார் ஷாஃப்ட்டின் நடுவிலிருந்து கடைசித் தாங்கி வரை நூல் கட்டி இழுத்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நுனி தாழ்ந்திருந்தால் எபாக்சி நூல்கட்டின் நுனிப்பக்கம் நகர்ந்து, ஒரு முனை தடித்து மறுமுனை மெலியும். மோட்டாரில் குறை தேடி மண்டையைக் குடைந்துகொள்ளும் பலருக்கு இதுதான் காரணம்.

இடம்

காற்று நன்றாக வரும் என்று வளவில் முற்றத்தை ஒட்டி வைப்பது பெரிய தப்பு. காற்றோடு தூசியும் பூச்சியும் வரும். உள்ளறை ஒன்றைப் பிடித்து, ஒரு மணி நேரம் முன்னால் தரையை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் எபாக்சி சொட்டினால் கறை போகாது, வீட்டில் பேச்சும் நிற்காது.

ஓட்டும் முறை

எபாக்சி கலப்பதற்கு முன் வெறும் கம்பை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். போல்ட் தளர்வது, நுனி துள்ளுவது எல்லாம் இதில் தெரிந்துவிடும்.

பிறகு தனித்தனி சிரிஞ்சில் பிசின் 3 மி.லி., ஹார்டனர் 3 மி.லி. எடுத்து, 3 நிமிடம் மெதுவாகக் கலந்து, அலுமினியத் தாளில் பரப்புங்கள். கிண்ணத்திலேயே விட்டால் தன் சூட்டில் தானே சீக்கிரம் இறுகும். மே மாத வெயிலில் அறை 38 டிகிரி இருக்கும்போது பூசும் அவகாசம் பாதிக்கும் கீழே போய்விடும், விடியற்காலையில் பூசுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, சுற்றும் கம்பில் பிரஷ்ஷைத் தொட்டபடி பூசினால் பரவல் சீராக வரும். சில நிமிடம் கழித்து, குமிழிகள் மேல் ஸ்பிரிட் விளக்கின் சுடரைச் சட்டென்று ஓட்டினால் உடைந்துவிடும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தினால் நூல் கருகும். அருகில் தின்னர் பாட்டில் திறந்திருக்கக் கூடாது.

மீதி எபாக்சியை அந்தத் தாளிலேயே வைத்திருங்கள். குச்சியால் தொட்டு இழுத்தால் கம்பிப் பதத்தில் நூல் வந்து அறுபட்டால் இன்னும் ஓட்ட வேண்டும். குச்சியில் ஒட்டாமல் தடம் மட்டும் விழுந்தால் மோட்டாரை நிறுத்தலாம். கையால் எடுக்க 24 மணி நேரம், மீன் பிடிக்க ஒரு வாரம்.

கெட்டால்

ஓடும்போதே கரண்ட் போனால் பதற வேண்டாம். சக்கைத் தளர்த்தி, முதல் ஒரு மணி நேரம் சில நிமிடத்துக்கு ஒரு முறை கம்பை அரைச்சுற்றுத் திருப்பிவிடுங்கள். பிறகு இடைவெளியைக் கூட்டலாம். வழிந்தது இளகியிருந்தால், சொட்டு மேலே வரும்படி திருப்பி வைத்தால் தானே திரும்பி ஓடிவிடும்.

இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் அளவு தப்பியிருக்கிறது, அல்லது கலக்கியது போதவில்லை. எத்தனை மணி சுற்றவிட்டாலும் அது இறுகாது. சரியாகக் கலந்த இன்னொரு கைப்பூச்சை மெல்லியதாக மேலே கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேலே மெழுகு போல் ஒரு படலம் வரலாம். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, அடுத்த கைக்கு முன் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். நூல் தெரியும் அளவுக்குத் தேய்த்துவிடாதீர்கள்.