புது டைவிங் மாஸ்க் மங்கலாகாமல் இருக்க
ஸ்கூபா கற்றுக்கொள்ள சொந்தமாக மாஸ்க் வாங்கியிருந்தால், கடலுக்குப் போவதற்கு முதல் நாளே கண்ணாடியின் உள்பக்கம் சாதாரண வெள்ளை டூத்பேஸ்ட்டைத் தடவி, விரல் நுனியால் ஓரம் வரை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஜெல் பேஸ்ட் வேண்டாம், அதில் தேய்க்கும் சக்தி குறைவு.

புது மாஸ்க்கில் தயாரிப்பின்போதே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் படலம் ஒட்டியிருக்கும். மூக்கிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் ஈரம் அதன்மேல் பரவாமல் பொடிப்பொடித் துளிகளாக நின்றுவிடுவதால்தான் எதிரே இருக்கும் பயிற்சியாளரின் கை சைகைகூடத் தெரியாமல் போகிறது, முதல் முறை இறங்குபவருக்கு அந்தப் பதற்றம் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு டைவுக்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும், தனி ஸ்ப்ரே எதுவும் வாங்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக் லென்ஸ் என்றாலோ, உள்ளே ஏற்கெனவே மங்கலாவதைத் தடுக்கும் ஆன்டி ஃபாக் பூச்சு இருந்தாலோ பேஸ்ட் பக்கமே போகாதீர்கள், கீறல் விழும், பூச்சும் போய்விடும். டைவ் சென்டரில் வாடகைக்குத் தரும் மாஸ்க் பலர் கைபட்டுப் பழகியது, அதற்கு ஷாம்பு மட்டும் போதும்.