வால்வு ரேடியோ வாங்கியாச்சா? ப்ளக்க மட்டும் சொருகிடாதீங்க

பழைய வால்வு ரேடியோவ (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழல் வால்வு வச்சு ஓடுறது) வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததும் எல்லாருக்கும் கை நேரா போறது ப்ளக் பாயிண்டுக்குத்தான். என் மொத செட்டுக்கும் அதான் நடந்துச்சு. டயல்ல மஞ்சளா வெளிச்சம் வந்துச்சு, நான் குஷியாகி மாமாவ கூப்புட்டு காட்டிட்டு இருக்கேன், அதுக்குள்ள உள்ள ஒரு வால்வோட தகடு கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி செவக்குது, தார் உருகுற வாடை வேற, ஸ்பீக்கருக்கு முன்னாடி இருக்குற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் காலி. காரணம் என்னன்னு பாத்தா ஒரு பத்து ரூபா கண்டன்சர் (கெப்பாசிட்டர்). அது எதுன்னு கீழ சொல்றேன்.

செட்டு தேடுறது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, சென்னை மூர் மார்க்கெட், இல்லன்னா உங்க பெரியப்பா வீட்டு பரண். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜிஇசி எதுவா இருந்தாலும் சரி, கடைக்காரர் "ஓடுற கண்டிஷன்"னு சொல்றத மட்டும் காதுல வாங்காதீங்க. டயல் கண்ணாடி உடையாம இருக்கா, ஸ்பீக்கர் பேப்பர எலி கடிச்சிருக்கா, இது ரெண்டையும் பாருங்க. கண்டன்சர் எப்படியும் மாத்தத்தான் போறோம்.

அப்புறம் பின்பக்க அட்டைய கழட்டி வால்வு மேல இருக்குற நம்பர படிங்க. ஈசீஹெச் 81, ஈபீஎஃப் 89, ஈஎல் 84, ஈஇஸட் 80னு ஈ-ல ஆரம்பிச்சு, உள்ள கனமா மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரும் இருந்தா வாங்கலாம். யூசீஹெச் 81, யூஒய் 85னு யூ-ல ஆரம்பிச்சா கும்பிடு போட்டு வச்சிட்டு வந்துடுங்க. அதுல பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரே இருக்காது, வீட்டு கரண்டோட ஒரு வயர் நேரா சேசிஸ்ல, அதாவது உள்ள இருக்குற உலோகச் சட்டத்துல, இருக்கும், ப்ளக்க திருப்பி மாட்டினா சேசிஸ் முழுக்க 230 வோல்ட், குமிழ் கழண்டு போச்சுன்னா அந்தக் கம்பிய தொட்டாலே போதும். மொத செட்டா அது வேணாம்.

உள்ள என்ன இருக்கு

வால்வு சூடாக 6.3 வோல்ட் போதும், ஆனா வேலை செய்ய அதோட ஆனோடுக்கு, அதாவது அந்தத் தகடுக்கு, சுமார் 250 வோல்ட் டிசி வேணும். வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இருக்கு, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகிடும்னு நெனைக்காதீங்க. அது பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்டும் சமமான்னுதான் பாக்கும். டிரான்ஸ்பார்மருக்கு அந்தாண்ட ஒரு கை சேசிஸ்ல, இன்னொரு கை 250 வோல்ட்லன்னு மாட்டிக்கிட்டீங்கன்னா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் பழைய மெக்கானிக்குங்க இடது கைய பாக்கெட்ல வச்சிட்டு வேலை பாப்பாங்க. மர மேஜை, கால்ல ரப்பர் செருப்பு, வீட்ல இன்னொரு ஆள், இது மூணும் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

ஆஃப் பண்ணி ப்ளக்க உருவினாலும் பெரிய ஃபில்டர் கண்டன்சர்ல கரண்ட் நிக்கும். ஸ்க்ரூ டிரைவர வச்சு படார்னு ஷார்ட் பண்ற வீரம் வேணாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் இன்சுலேஷன் போட்ட க்ளிப் வயர் வச்சு ஒரு பக்கத்த சேசிஸ்லயும் இன்னொண்ண கண்டன்சர் பிளஸ்லயும் மாட்டுங்க, அஞ்சு பத்து செகண்ட் விட்டு மல்டிமீட்டர்ல பாருங்க. சைபர் காட்டினாலும் க்ளிப்ப எடுக்காம வேலை பாருங்க, ஏன்னா எறங்கின வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஏறும். ஆன் பண்றதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடுங்க (நான் மறந்திருக்கேன், ரெசிஸ்டர் கருகிப்போச்சு).

மாத்துறது

மொதல்ல போனுல நாலு பக்கமும் போட்டோ. கண்டன்சர ஒண்ணு கழட்டினா ஒண்ணு போடுங்க, மொத்தமா கழட்டிட்டு முழிக்காதீங்க. மெழுகு பூசின பேப்பர் கண்டன்சர் எல்லாத்துக்கும் 630 வோல்ட் பாலியெஸ்டர். ஃபில்டருக்கு 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், பெருசா போட்டா நல்லதுன்னு 220 போட்டா ரெக்டிஃபையர் வால்வு (ஏசிய டிசி ஆக்குற ஈஇஸட் 80) செத்துடும். மெயின்ஸ் வயர்ல குறுக்க இருக்குற கண்டன்சருக்கு எக்ஸ்2ங்குற பாதுகாப்பு வகைதான் போடணும். வெடிச்சுப்போன பழைய வயர தூக்கிப் போட்டுட்டு மூணு கோர் வயர், எர்த் சேசிஸ்ல, அரை ஆம்பியர் ஃப்யூஸ்.

என் டிரான்ஸ்பார்மர காவு வாங்கினது கப்ளிங் கண்டன்சர். முன்னாடி வால்வோட ஆனோடுக்கும் ஸ்பீக்கர ஓட்டுற ஈஎல் 84 வால்வோட ரெண்டாம் பின்னுக்கும், அதாவது கரண்ட கட்டுப்படுத்துற க்ரிடுக்கும், நடுவுல இருக்கும், பெரும்பாலும் 0.01 மைக்ரோ. அது லேசா கசிஞ்சாலும் க்ரிட் பிளஸ் ஆகி வால்வு அளவில்லாம கரண்ட் இழுக்கும். வேற எத விட்டாலும் இத மாத்தாம ஆன் பண்ணாதீங்க.

ஆன் பண்றது

எலக்ட்ரீஷியன் வச்சிருக்குற சீரீஸ் போர்டு வேணும். பேஸ் வயர்ல 60 வாட் குண்டு பல்பு சீரீஸா இருக்கணும், எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. மொதல்ல ஈஇஸட் 80ஐ உருவிட்டு ஆன் பண்ணுங்க, அப்ப ஹைவோல்டேஜே வராது. குண்டு பல்பு பளிச்னு எரிஞ்சு கொஞ்ச நேரத்துல மங்கணும். மங்காம அப்படியே எரிஞ்சா எங்கயோ ஷார்ட், ஆஃப் பண்ணிட்டு தேடுங்க.

சரியா இருந்தா ஆஃப் பண்ணி ஈஇஸட் 80ஐ மாட்டுங்க. மீட்டர் க்ளிப்ப இப்பவே ஈஎல் 84 க்ரிட்லயும் சேசிஸ்லயும் மாட்டிட்டு, கைய எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. சைபர்லயே நிக்கணும். பிளஸ்ல ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட்னு ஏறினா உடனே ஆஃப். பல்பும் மங்கி, தகடும் செவக்காம பத்து நிமிஷம் ஓடிச்சுன்னா ஆஃப் பண்ணி நேரடி லைனுக்கு மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடியே, செட்டு பின்னாடி வோல்டேஜ் செலக்டர் இருந்தா இருக்குறதுலயே பெரிய நம்பர்ல வைங்க.

ஸ்டேஷன் சரியா வரலன்னு ஐஎஃப் கேன்ல (காயில் இருக்குற சின்ன உலோக டப்பா) திருகுற மாதிரி இருக்குற 'கோர்' துண்ட மட்டும் திருகாதீங்க, அது சிக்னல் ஜெனரேட்டர் வச்சு செய்ற வேலை. ராத்திரி பின்பக்கம் நாலு மீட்டர் வயர ஏரியலா கட்டி மீடியம் வேவ்ல மெதுவா திருப்புங்க. கர்ர்ர்னு மட்டும் கேட்டா பயப்படாதீங்க, ரூம்ல இருக்குற எல்இடி பல்பையும் போன் சார்ஜரையும் ஆஃப் பண்ணிட்டு மறுபடி திருப்பிப் பாருங்க, டயல் வெளிச்சமே போதும்.