காருக்குப் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிமை நாமே ஒட்டும் முறை

நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் வண்டியின் சக்கரங்கள் தெறிக்கவிடும் சிறுகற்கள், பானட்டின் முன்விளிம்பிலும் பம்பரிலும் பெயிண்டைப் புள்ளி புள்ளியாகப் பெயர்த்துவிடுகின்றன. வாக்ஸும் செராமிக் பூச்சும் பளபளப்பைக் கூட்டுமே தவிர, கல்லடியைத் தாங்குவதற்கு வேண்டிய தடிமன் அவற்றுக்கு இல்லை. பி.பி.எஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்று அழைக்கப்படும் நிறமற்ற ஃபிலிம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் உள்ள இந்த ஃபிலிம், அமுங்கி மீளும் தன்மையால் கல்லின் வேகத்தை உள்வாங்கிக்கொள்கிறது. இதை வீட்டிலேயே ஒட்ட முடியுமா என்றால், சில பாகங்களுக்கு நிச்சயமாக முடியும். நல்ல கைத்திறன் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலையின் தரத்தைத் தீர்மானிப்பவை தூய்மையும், ஃபிலிமுக்கு அடியில் இருக்கும் நீரை நாம் கையாளும் விதமுமே ஆகும்.

எந்தப் பாகத்தில் தொடங்குவது

முதன்முதலாக ஒட்டுபவர் பின்பக்க பம்பரின் மேற்பரப்பில், அதாவது டிக்கியில் பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது உரசும் பட்டையில் தொடங்குவது நல்லது. அது பெரும்பாலும் தட்டையானது, சிறியது. தவறினாலும் இழப்பு குறைவு. அடுத்து கதவு விளிம்புகள், கைப்பிடிக்கு உட்புறம் நகம் கீறும் குழிகள், பின்னர் பானட்டின் முன்பகுதி என்று முன்னேறலாம். முழு பானட்டுக்கு இரண்டு பேர் தேவை. முன்பக்க பம்பரில் ஒரே இடத்தில் பல திசை வளைவுகள் சேர்வதால் ஃபிலிமை எங்கே இழுப்பது, எங்கே தளர்த்துவது என்பது பழகிய கைகளுக்கே பிடிபடும். அதைத் தொழில்முறையாளரிடம் விட்டுவிடுவதே என் கருத்து.

வாங்கும்போது மூலப்பொருளைக் கேட்டறிய வேண்டும். டி.பி.யூ எனப்படும் பாலியூரித்தேன் ஃபிலிம்தான் நமக்கு வேண்டியது. பி.வி.சி ஃபிலிமும் இதே பெயரில் மலிவாக விற்கப்படுகிறது. அது வளைவுகளில் சரியாகப் படியாது, வெயிலில் விரைவில் மஞ்சளித்து விறைத்துப்போகும். ஒரு துண்டை இழுத்துவிட்டுப் பார்த்தால் டி.பி.யூ பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். சுருளாக வாங்கி, காரின் மேலேயே பிளேடால் வெட்டிக்கொள்ளும் முறை வீட்டு வேலைக்கு ஏற்றதன்று. ஃபிலிமைக் கடந்து பிளேடு பெயிண்டில் இறங்கினால், அந்தக் கோடு உலோகம் வரை போய்த் துருவுக்கு வழிவிடக்கூடும். ஆகவே உங்கள் வண்டியின் மாடலுக்கென முன்பே வெட்டப்பட்ட துண்டுகளையே வாங்குங்கள்.

பரப்பைத் தயார் செய்தல்

இந்த வேலையில் செலவாகும் நேரத்தில் பாதி இதற்கே போக வேண்டும். ஃபிலிமுக்கு அடியில் சிக்கும் ஒரு மணல் துகள், துகளின் அளவைவிடப் பல மடங்கு பெரிய கொப்புளமாகக் கண்ணில் படும். வண்டியை நன்றாகக் கழுவி, தார்ப் புள்ளிகளையும் இரும்புத் துகள்களையும் அவற்றுக்குரிய திரவங்களால் நீக்கிய பிறகு, ஒட்டிக்கிடக்கும் அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை ஈரப்பரப்பில் ஓட்டுங்கள். விரல் நுனியைப் பரப்பின் மேல் மெல்ல நகர்த்திப் பார்க்கும்போது எங்கும் சொரசொரப்புத் தட்டக் கூடாது. கீறல்கள் இருந்தால் இப்போதே பாலிஷ் செய்துவிட வேண்டும், ஏனெனில் ஃபிலிம் அவற்றை மறைக்காது. கடைசியாக, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து வாக்ஸையும் எண்ணெய்ப்பசையையும் அகற்றுங்கள். பேனல்களின் (கதவு, பானட் போன்ற வெளிப்பாகங்களின்) இடுக்குகளையும் விளிம்புகளின் உட்புறத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபிலிமின் ஓரம் முதலில் கிளம்புவது அங்கிருந்துதான்.

மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்ட பேனலாக இருந்தால், பெயிண்ட் முழுவதும் இறுகும்வரை குறைந்தது ஒரு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். அடிப்பூச்சு சரியாகப் பிடிக்காத பேனலில், பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்று வீசாத, கூரையுள்ள இடத்தில், தரையை நீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள். தூசி அடங்கிக் கிடக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பஞ்சு உதிரும் சட்டை வேண்டாம். பேனல் தொட்டால் சுடும் நிலையில் இருந்தால் திரவம் உடனே உலர்ந்து பசை பிடித்துக்கொள்ளும்; மிகக் குளிர்ந்திருந்தால் ஃபிலிம் விறைத்து வளைய மறுக்கும். சுமார் 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை வசதியான வெப்பநிலை.

இரண்டு திரவங்கள்

இரண்டு ஸ்பிரே பாட்டில்களில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வழுக்கும் திரவம்: ஒரு லிட்டர் தூய நீரில் சில துளி பேபி ஷாம்பு. கண்டிஷனர் கலந்த ஷாம்பு பசையைக் கெடுக்கும். இரு விரல்களுக்கு இடையே தேய்த்தால் வழுக்கலாக உணர்ந்தால் போதும். நுரை பொங்கினால் ஷாம்பு அதிகம். இரண்டாவது பிடிக்க வைக்கும் திரவம்: ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுடன் நான்கு முதல் ஒன்பது பங்கு வரை நீர். ஃபிலிமுடன் வரும் தாளில் வேறு அளவு சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது என்பதால் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை அதன் அருகில் இயக்கக் கூடாது.

முதல் திரவம் ஃபிலிமை மிதக்க வைக்கிறது. இரண்டாவது திரவம் ஷாம்புவைக் கழுவி நீக்கிப் பசையை விழிக்கச் செய்கிறது. எந்த இடத்தில் எதைத் தெளிப்பது என்பதை அறிந்துவிட்டால், வேலையின் கடினம் பெருமளவு குறைந்துவிடும்.

ஒட்டுதல்

முதலில் பின்தாளை உரிக்காமலேயே துண்டைப் பேனலின் மேல் வைத்துப் பொருத்தம் பாருங்கள். பிறகு பேனல் முழுவதையும் வழுக்கும் திரவத்தால் தாராளமாக நனையுங்கள். உங்கள் விரல்களையும் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த விரல் பசையைத் தொட்டால் கைரேகை அப்படியே தங்கிவிடும். பின்தாளை உரிக்கும்போதே, வெளிப்படும் பசைப்பக்கத்தின் மேல் ஒருவர் தொடர்ந்து தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். பசைப்பக்கம் தன்மீதே மடிந்துவிட்டால் பதறி இழுக்காதீர்கள். திரவத்தைப் பீய்ச்சியபடி மெல்லப் பிரித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

நனைந்த ஃபிலிமைப் பேனலின் மேல் தவழவிட்டு, விளிம்புகளில் இடைவெளி சமமாக இருக்கும்வரை நகர்த்துங்கள். இங்கே அவசரமே வேண்டாம். அடியில் ஈரம் இருக்கும்வரை ஃபிலிம் உங்கள் சொல்படி கேட்கும். இடம் சரியானதும், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்க்வீஜியால் (நீரை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டையால்) அழுத்தி நீரை வெளியேற்றி ஓர் பிடிமானம் அமைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெளிநோக்கி, ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியையாவது மறுபடி தொட்டுச் செல்லுமாறு, ஒரே சீரான அழுத்தத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஃபிலிமின் மேற்பரப்பும் நனைந்தே இருக்க வேண்டும். ஸ்க்வீஜி கிறீச்சிட்டு நின்று நின்று நகர்ந்தால் மேலே ஈரம் போதவில்லை என்று பொருள். நடுவழியில் நிறுத்தினால் அந்த இடத்தில் பசையின் மேல் ஒரு மெல்லிய கோடு விழும். அது மறையாமல் தங்கிவிடலாம் என்பதால் தொடங்கிய இழுப்பை ஓரம்வரை கொண்டுபோய் முடியுங்கள்.

வளைவில் ஃபிலிம் விரல் விரலாக மடிந்து நிற்கும். அவற்றை ஸ்க்வீஜியால் நசுக்கித் தட்டையாக்க முயல்வதுதான் பலரும் செய்யும் பிழை. அருகிலுள்ள பகுதியை மெல்லத் தூக்கி, வழுக்கும் திரவத்தை மறுபடி பீய்ச்சி, மடிப்பு இருக்கும் திசைக்குக் குறுக்காக ஃபிலிமைச் சற்றே இழுத்துப் பிடித்தால் மடிப்பு தளர்ந்து படியும். இழுத்த முனை திரும்பிச் செல்லாமல் இருக்க, அங்கே பிடிக்க வைக்கும் திரவத்தைத் தெளித்துச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிதமான சூட்டில் ஹேர் டிரையர் காட்டினால் ஃபிலிம் மென்மையாகும். அதிகமாக இழுத்தால் அந்த இடம் மெலிந்து பாதுகாப்பும் குறையும், நாளடைவில் சுருங்கி ஓரம் கிளம்பும்.

தூசி சிக்கியிருப்பதைக் கண்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்து ஓரத்தைத் தூக்கி, வழுக்கும் திரவத்தைப் பலமாகப் பீய்ச்சி, அது தூசியை அடித்துச் சென்றபின் மறுபடி படியவிடுங்கள். ஆனால் நன்றாகப் பிடித்துவிட்ட பகுதியை மீண்டும் மீண்டும் தூக்கினால் பசையில் தடம் விழும். அதனால் ஸ்க்வீஜியை எடுப்பதற்கு முன்பே டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஓரங்களைக் கடைசியில் கவனியுங்கள். அங்கு மிச்சமிருக்கும் ஷாம்பு நீரைப் பிடிக்க வைக்கும் திரவத்தால் வெளியேற்றி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, சற்று உலரவிட்டு விரலால் அழுத்துங்கள். விளிம்பைச் சுற்றி உள்ளே மடிக்க வேண்டிய இடத்தில், ஈரம் அறவே நீங்கிய பிறகுதான் இளஞ்சூடு காட்டி மடிக்க வேண்டும். மூலைகளில் பொருள் அதிகமாகச் சேர்ந்தால், பேனலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் மட்டும் சிறு கத்தரிக்கோலால் ஒரு வெட்டுக் கொடுங்கள்.

ஒட்டிய பிறகு

முடித்ததும் ஃபிலிம் லேசாகப் பனித்ததுபோல் தெரியலாம், சிறு நீர்க்குமிழிகளும் இருக்கலாம். ஈரம் ஃபிலிம் வழியே மெல்ல வெளியேறுவதால் இவை சில நாள்கள் முதல் சில வாரங்களில் மறையும். காற்றுக்குமிழி அப்படி மறையாது. விரலால் அழுத்தினால் நகர்ந்து மறுபடி எழும்புவது பெரும்பாலும் காற்றே. மிக மெல்லிய ஊசியால் ஃபிலிமை மட்டும் சாய்வாகத் துளைத்து, பிடிக்க வைக்கும் திரவத்தில் ஒரு துளியைச் செலுத்தி, ஸ்க்வீஜியால் வெளியேற்றிவிடலாம்.

ஒரு வாரம் வண்டியைக் கழுவ வேண்டாம். ஓரம் எங்காவது எழும்பினால் முதல் இரண்டு நாள்களுக்குள் சூடு காட்டி அழுத்திவிடுங்கள். அழுக்கு புகுந்தபின் அது ஒட்டாது. பிரஷர் வாஷரை அரை மீட்டருக்கு அப்பால் வைத்து, நீர் ஓரத்தின் மேல் நேராகப் பாயாதவாறு பயன்படுத்துங்கள். பறவை எச்சத்தையும் மரப் பிசினையும் அன்றன்றே துடைத்துவிடுங்கள், இல்லையெனில் மேற்பூச்சில் கறை தங்கும். மேற்பரப்பில் விழும் நுண்கீறல்கள், தானாக ஆறும் மேற்பூச்சு உள்ள ஃபிலிமாக இருந்தால் வெயிலிலோ வெந்நீர் ஊற்றும்போதோ மறையும். ஆழமான வெட்டுகள் மறையாது. ஃபிலிம் மஞ்சளித்தோ வெடித்தோ போனால், சூடு காட்டி, பேனலோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்து உரித்துவிட்டு, மிஞ்சும் பசையைப் பெயிண்டுக்குத் தீங்கில்லாத பசை நீக்கியால் துடைத்தெடுங்கள்.