விலை பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து வீட்டை விட்டு டவுன் பக்கம் குடிவந்த பிறகும், நம் ஆட்களின் வியாபாரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பழைய மோட்டார், கறவை மாடு, கல்யாணக் கூடாரம் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடிகின்றன. எழுத்தில் இல்லாதது சட்டத்தில் நிற்காது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, இப்படிப்பட்ட வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். ஆனால் "இன்ன விலைக்குத் தருகிறேன்" என்பதுபோல் ஒருவர் முறையாக முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும்.

அதிகம் அடிபடுவது பேரம் பேசும் இடத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் மோட்டாரை 2,500 வெள்ளிக்குத் தருவதாகச் சொன்னார். "2,200க்குத் தாங்கண்ணே" என்றான். அவர் முடியாது என்றார். இரண்டு நாள் கழித்து, "சரிண்ணே, 2,500க்கே எடுத்துக்கிறேன்" என்று போனான். அதற்குள் வண்டி வேறொருவர் கைக்குப் போய்விட்டது. ஏமாற்றிவிட்டார் என்று அவன் இன்னமும் நினைக்கிறான். அவர் ஏமாற்றவில்லை. அவன் 2,200 என்று கேட்ட நொடியே பழைய முன்மொழிவு செத்துவிட்டது. இங்கிலாந்தில் 1840இல் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில் தீர்ந்த விஷயம் இது. 1,000 பவுன் பண்ணைக்கு 950 கேட்டுவிட்டு, பிறகு 1,000 தருகிறேன் என்றவருக்குப் பண்ணை கிடைக்கவில்லை. ஏற்பு நிபந்தனையில்லாமல், முழுமையாக இருக்க வேண்டும் என்று நம் சட்டத்தின் 7ஆம் பிரிவும் சொல்கிறது.

அதற்காக வாயைத் திறக்கவே கூடாது என்றில்லை. "இரண்டு தவணையாகக் கொடுத்தால் ஒத்துக்குவீங்களா?" என்பது வெறும் விசாரிப்பு, முன்மொழிவை அது கொல்லாது. 1880இல் இரும்பு வாங்கல் வழக்கொன்றில் நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. அதனால் கேட்கும்போதே, "நீங்கள் சொன்ன விலையை மறுக்கவில்லை, விவரம்தான் கேட்கிறேன்" என்று சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

"ஞாயிறு வரைக்கும் உனக்காக வைத்திருக்கேன்" என்ற வாக்கையும் நம்பி இருந்துவிடாதீர்கள். அதற்காக நீங்கள் எதுவும் கொடுக்காதவரை, நீங்கள் ஏற்பதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டு அவர் பின்வாங்கலாம். 50 வெள்ளியானாலும் கொடுத்து, "ஞாயிறு வரை பிடித்து வைக்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

கடையில் ஒட்டிய விலை பொதுவாக முன்மொழிவு ஆகாது, வாங்க வரும்படி அழைப்பதுதான். கல்லாவில் கடைக்காரர் மறுக்கலாம். ஆனால் "காணாமல் போன மாட்டைக் கொண்டுவருபவருக்கு 300 வெள்ளி" என்று ஒட்டினால் கதை வேறு. அதைப் பார்த்து மாட்டைத் தேடி ஓட்டிவந்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம், மௌனம். "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று யாராவது அனுப்பினால் பயப்பட வேண்டாம். 1862இல் ஒருவர் தன் அண்ணன் தம்பி வழிப் பையனுக்கு, அவனுடைய குதிரையைப் பற்றி இப்படித்தான் கடிதம் எழுதினார். பையனுக்கு மனதுக்குள் சம்மதம்தான், ஆனால் அவருக்குப் பதில் எழுதவில்லை. ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். அதே காரணத்தால், உங்களுக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால், மனதுக்குள் வைத்திருக்காமல் விற்பவருக்கு உடனே சொல்லிவிடுங்கள்.