பழைய மோனோ கர்நாடக எல்பி: பார்த்து வாங்குவதும் கேட்டுச் சோதிப்பதும்

டர்ன்டேபிள், ஆம்ப் எல்லாம் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். நேராகத் தட்டுக்கு வருவோம்.

1. எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் எச்எம்வி, கொலம்பியா வெளியிட்ட பழைய எல்பிகளில் எண் ஈஏஎல்பி, ஈசிஎல்பி என்று தொடங்கினால் மோனோ, அதாவது ஒரே சேனல் பதிவு. ஈஏஎஸ்டி, ஈசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ, இடம் வலம் என இரண்டு சேனல். பாடகர் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்) மறைந்தது 1965இல். அந்தக் காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் மோனோதான். அவர் காலத்து வித்வான்களின் தட்டை ஸ்டீரியோ என்று யாராவது நீட்டினால் உறையைத் திருப்பிப் படியுங்கள். மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி வந்தவையும் உண்டு. அவற்றை நான் வாங்குவதே இல்லை. குரல் நடுவில் நிற்காமல் கரைந்துபோகும்.

2. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறலுக்குப் பயப்பட வேண்டாம். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால்தான் ஆபத்து: கனமான பழைய பிளேயர் முள் வரிகளை, அதாவது இசை பதிந்த பள்ளங்களை, தேய்த்திருக்கிறது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திவலை போல மெல்லிய கோடுகள் இருந்தால் நிறைய ஓடிய தட்டு. வெள்ளைத் திட்டு பெரும்பாலும் பூஞ்சைதான், கழுவிப் பார்க்கலாம்.

3. கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ். 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது.

4. மோனோவாக்கிக் கேளுங்கள். பலரும் இங்கேதான் தட்டை வீணாகக் குறை சொல்கிறார்கள். மோனோ தட்டில் இசை முழுவதும் முள்ளின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சிக்னலாக்கும் பகுதி) மேல்கீழ் அசைவையும் படிக்கும். அந்தத் திசையில் இசை கிடையாது, தூசியும் டர்ன்டேபிள் உறுமலும்தான். இரண்டு சேனலையும் ஒன்று சேர்த்தால் மேல்கீழ் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், அவ்வளவுதான். பின்னணியில் காணாமல் போயிருந்த தம்பூரா திரும்பி வரும். அடிக்கடி மோனோ கேட்பவர் தனி மோனோ கார்ட்ரிட்ஜே வாங்கிவிடலாம். தொடங்குபவருக்கு என் தேர்வு ஆர்ட்டோஃபான் 2எம் மோனோ.

5. கடைசி ஐந்து நிமிடத்தைக் கேளுங்கள். ஆரம்பத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். லேபிளை நெருங்க நெருங்க முள்ளுக்கடியில் வரி மெதுவாக ஓடும்; தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் விழும். மேல் ஷட்ஜத்தில் குரல் அழுத்தி நிற்கும் இடம், வயலினின் மேல் ஸ்தாயி, இந்த இரண்டையும் கவனியுங்கள். சத்தம் கூடும்போதெல்லாம் கிழிவது போல் கேட்டால் தேய்மானம். இசையோடு சம்பந்தமில்லாமல் டிக் டிக் என்றால் அழுக்கு அல்லது கீறல். இன்னொரு முறை கழுவிப் பாருங்கள். தேய்ந்த தட்டையும் உடனே ஒதுக்க வேண்டாம். 25 மைக்ரான் உருண்டை முள் போட்டால் வரியில் வேறு உயரத்தில் உட்காரும், சில தட்டுகள் அப்படிப் பிழைத்துவிடும்.

பின்சேர்க்கை: "ஆம்பில் மோனோ பட்டன் இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு ஒய் கேபிளை (ஒரு முனை இரண்டாகப் பிரியும் கேபிள்) முதுகோடு முதுகாகச் சேர்த்து, டர்ன்டேபிளுக்கும், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்கும் நடுவில் மாட்டுங்கள். டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் பின்னாலுள்ள சுவிட்சை லைனிலிருந்து ஃபோனோவுக்கு மாற்றி, வெளி ப்ரீஆம்ப் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீஆம்பிலிருந்து வெளியே வரும் இரண்டு சேனலையும் நேரடியாக ஒய் கேபிளில் இணைக்காதீர்கள், அதன் சர்க்யூட்டுக்கு நல்லதல்ல. கணினியில் பதிவு செய்பவர்களுக்குக் கேபிளே வேண்டாம். ஸ்டீரியோவாகப் பதிந்து ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் மோனோவாக்கினால் போதும்.